மழையில் எந்தச் சுவர்?

போன வாரம் செக்கரம்மாவைத் துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால், கையில் புருஷனுடைய சட்டையோடு நிற்கவிட்டு வந்தோம். அந்தச் சட்டையை அவள் இன்னும் துவைக்கவில்லை. பழைய தலையணை உறைக்குள் சுருட்டி, அலமாரியின் அடித்தட்டில் கம்பளிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் பெயிண்டர். அறைக்குள் நின்று அடிக்கிற பெயிண்டர் இல்லை. சாரம் கட்டி ஏறி, அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு அடிக்கிறவர். மழை என்றால் அவருக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் பெயிண்ட் பிடிக்காது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷம் மழை வராதா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

அப்படிப்பட்டவர் போன வாரம், விடியற்காலையிலிருந்து மழை கொட்டிய ஒரு நாளில், சாயங்காலம் வீடு திரும்பியபோது சட்டைக் கையில் இன்னும் சரியாகக் காயாத மஞ்சள் பெயிண்ட் இருந்தது. மழையில் எந்தச் சுவருக்கு அடித்தார்?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை, அதற்குக் காரணம் அவளுடைய தொழில். ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டி, தையல் விட்ட இடத்திலும் நூல் தொங்குகிற இடத்திலும் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒரு குறை கண்ணில் பட்டதும் உருப்படியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, முழுக்கப் பார்த்து முடிக்க வேண்டும். புருஷனையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் முழுவதும் மழை விடவில்லை. இந்த வாரம் முழுவதும் அவர் காலையில் குடையை எடுத்துக்கொண்டு போனார், இருட்டியபின் வந்தார். "சைட்ல சாமானெல்லாம் நனையுது, பார்த்துக்க ஆள் வேணும்" என்றார். அதற்கு அங்கே வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

இன்று காலை ஒரு திருப்பம். கம்பெனியின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது, கரண்டை நிறுத்திவிட்டோம், யாரும் வர வேண்டாம் என்று போனில் செய்தி வந்தது.

"எனக்கு இன்னைக்கு லீவு" என்றாள்.

ஒரு காலில் ஷூவை மாட்டியிருந்த பெயிண்டர் அதைக் கழற்றினார். "அப்ப நானும் போகல."

உள்ளே கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. "நானும் போகலம்மா. தலைவலி. கடைக்கு லீவு சொல்லிட்டேன்."

அது மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்துநாலு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான்.

மூன்று பேரும் ஒரே நாளில் வீட்டில் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை நின்று நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க மொட்டையாக நின்ற எதிர்வீட்டு மரத்தில் இரண்டு நாளாகத்தான் துளிர் தெரிகிறது. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம் என்கிற ரெண்டுங்கெட்டான் பருவம். இழுத்துப் போர்த்திக்கொண்டு சும்மா கிடப்பதற்கு இதைவிடத் தோதான நாள் வாய்க்காது. செக்கரம்மாவுக்கும் உடம்பு அதைத்தான் கேட்டது, மனசுதான் இடம் கொடுக்கவில்லை.

அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் டீயோடு வந்தார்.

"இந்தா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றுவரை கேட்கிற மனிதர் இஞ்சி தட்டியிருக்கிறார். டீ நன்றாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

"என்ன விசேஷம்?" என்றாள்.

"மழைக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தா விசேஷமா?"

"இத்தனை வருஷமா மழை பெஞ்சுட்டுதானே இருக்கு?"

அவர் சிரித்தார். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார். பிறகு, "மரம் துளிர் விட்டுடுச்சு பாரு" என்றார். அதைச் சொல்லவா கனைத்தார்? பாப்பா சமையலறை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பார்வையையும் செக்கரம்மா மனசில் குறித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல் பாப்பாவே சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். தலைவலிக்காரிக்கு ரம்மி கேட்கிறது! தரையில் போர்வையை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரேடியோவில் யாரோ சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நனைந்த காலுறைகள் நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தன. பாப்பா அவள் தோளில் சாய்ந்துகொண்டு சீட்டை விசிறியாகப் பிடித்தாள். செக்கரம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மனசு இளகியது. என்ன பெரிய பெயிண்ட், என்ன பெரிய சட்டை, சிநேகிதன் யாராவது கூப்பிட்டிருப்பான், ஒத்தாசைக்குப் போயிருப்பார் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

அப்போது பெயிண்டர் ஜோக்கரைக் கீழே போட்டார்.

ரம்மியில் ஜோக்கரைக் கீழே போடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, ஆட்டம் தெரியாதவர்கள். இன்னொன்று, எதிராளியை எப்படியாவது ஜெயிக்கவைத்துக் குளிர்விக்கப் பார்க்கிறவர்கள். பெயிண்டர் சின்னக் குழந்தைகளிடம்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடி அழவைக்கிற ஆள்.

"ஜோக்கரைப் போட்டிருக்கீங்க" என்றாள்.

"அடடே, கவனிக்கல."

"கவனிக்கல?"

"வயசாகுதுல்ல."

அவள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "எனக்கு ஆட்டம் போதும்."

"அம்மா, ஜெயிக்கப்போற நேரத்துல ஏன்மா எந்திரிக்கறே?" என்றாள் பாப்பா.

"சும்மா கிடைக்கற ஜெயிப்பு எனக்கு வேண்டாம்."

சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். தோல் நீள நீளமாக விழுந்தது. மஞ்சள் என்ன மஞ்சள் என்று யோசித்தாள். வெளிச்சுவருக்கு யாரும் அந்த மாதிரி இளசான மஞ்சளை அடிக்கமாட்டார்கள், ஒரே வெயிலில் வெளுத்துவிடும். அது உள்ளறைக்கு அடிக்கிற மஞ்சள். படுக்கையறைக்கு. 'உள்வேலை எனக்கு ஆகாதுப்பா, மூச்சு முட்டும்' என்று மேஸ்திரியிடமே மறுத்துவிடுகிறவர், யாருடைய படுக்கையறைக்கு, மழையென்றும் பாராமல் போய் அடித்துக்கொடுக்கிறார்?

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்தவுடன் கத்தி கையில் நின்றுவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, பொய் சொன்னதில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறாள். இப்போது அவர் தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்பது அவளுக்கே அவமானமாக இருந்தது.

பாப்பா பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நான் வெங்காயம் நறுக்கறேன், நீ போய் உட்காரும்மா."

"எதுக்கு எல்லாரும் என்னை உட்கார வைக்கறதுலயே குறியா இருக்கீங்க?"

"ரெஸ்ட் எடுன்னு சொன்னா தப்பா?"

பாவம், இந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கத்தியை மகளிடம் கொடுத்தாள்.

சாப்பாடு அமர்க்களமாக இருந்தது. வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, ஆளுக்கு ஒரு ஆம்லெட், சூடாக ஒரு சூப். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார் பெயிண்டர். வறுத்தது பாப்பா. "ஆமாமா" என்று அவளும் தலையாட்டினாள். தட்டுகளை அவரே கழுவினார். கழுவிய தட்டுகளைத் துடைத்து, அடுக்கி, கடைசியில் ஸ்டவ்வையும் துடைத்தார். குற்றம் பெரிதுதான் என்று செக்கரம்மா முடிவுக்கு வந்தாள்.

சாப்பிட்டபின் மழை வலுத்தது. பெயிண்டர் சோபாவில் நீட்டி நிமிர்ந்து, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். தூங்கினால் குறட்டை விடுகிறவர். இப்போது சத்தமே இல்லை.

பாப்பா வந்து அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"தலை இன்னும் வலிக்குதா?"

"லேசா."

"பிடிச்சு விடட்டுமா?"

"ம்."

நெற்றிப்பொட்டை அமுக்கிவிட்டாள். கூந்தலைப் பிரித்து விரலால் கோதினாள். எத்தனை நாளாயிற்று இப்படி மகள் மடியில் படுத்து! கல்லூரிக்குப் போன காலத்திலேயே இது நின்றுபோயிற்று. மழைச் சத்தத்தில், மகளின் தலைப் பாரம் தொடையில் அழுந்த, செக்கரம்மா அன்றைக்கு முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். யார் போனாலும் இவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிடரிப் பக்கம் முடியை ஒதுக்கியபோது விரலில் ஏதோ நெருடியது. சிக்கு என்று நினைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

நாலைந்து முடிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தன. மஞ்சள்.

அவள் கை நின்றது. பாப்பா, "ஏம்மா நிறுத்திட்டே?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. எந்திரி."

நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து கம்பளிகளைத் தரையில் தள்ளினாள். தலையணை உறையை எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் சட்டையை உதறி விரித்து, மேலே லைட்டைப் போட்டாள். கம்பெனியில் செய்வது போலவே சட்டைக் கையை நீவிவிட்டு, கறை இருந்த இடத்தை மேலே வரும்படி வைத்தாள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

சோபாவிலிருந்து பெயிண்டர் உடனே எழுந்து வந்தார், கண்ணைக்கூடக் கசக்கவில்லை.

"உட்காருங்க. இது போன வாரம் மழை கொட்டின அன்னைக்கு நீங்க போட்டிருந்த சட்டை. பாப்பா, நீ அந்தப் பக்கம் திரும்பு." மகளின் முடியை ஒதுக்கிக் காட்டினாள். "ரெண்டும் ஒரே மஞ்சள். இப்ப சொல்லுங்க. மழையில எந்தச் சுவருக்கு அடிச்சீங்க?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயே சொல்லு பாப்பா" என்றார் அவர்.

"நீங்கதானே சொல்றேன்னீங்க!"

"டீ குடுக்கும்போது சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். வாய் வரல. சரி, ஆட்டத்துல ஜெயிச்சு சந்தோஷமா இருக்கும்போது சொல்லலாம்னா, அவ பாதியில எந்திரிச்சுட்டா. சாப்பாட்டுக்கு அப்புறம்னு…"

"அப்பா!"

"சரி, சரி. நீ சொல்லு."

பாப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் தனியா ஒரு ரூம் எடுத்திருக்கேன்மா. மருந்துக்கடைக்குப் பின்னால ரெண்டாவது தெரு. சுவரெல்லாம் அழுக்கா இருந்துச்சு, அப்பா பெயிண்ட் அடிச்சுக் குடுத்தார். ஞாயித்துக்கிழமை போறேன்."

செக்கரம்மாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, வேறு பெண் இல்லை. அடுத்த நொடியே அந்த நிம்மதி காணாமல் போய்விட்டது. போகப்போவது புருஷன் இல்லை, மகள். மடியில் படுத்திருந்தவள், சற்று முன்பு யாரை நம்பி மூச்சு விட்டாளோ அவள்.

"கல்யாணம் காட்சி ஏதாவதா? யாராவது பையன்…"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"இங்க உனக்கு என்ன குறை?"

கேட்டவுடனே பாப்பாவின் முகம் மாறியது. அழுவாளோ என்று பார்த்தால் சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. "குறையா? எனக்கு இங்க குறையே இல்லைம்மா. உனக்குத்தான் என்கிட்ட நிறைய. முதல் நாள் வேலைக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா? காலைல என் முதுகுல நூல் தொங்குதுன்னு நீ ஸ்டிக்கர் ஒட்டினே. அப்புறம் வெட்டிவிடலாம்னு மறந்துட்டே. சாயங்காலம் வரைக்கும் முதுகுல சிவப்பு அம்போட நின்னு மருந்து குடுத்தேன். வந்தவங்க எல்லாம் என்னைப் பார்க்கறாங்க, ஏன்னே தெரியல. ஒரு சின்னப் பொண்ணுதான் சொல்லிச்சு."

"அது மறதியில நடந்தது."

"தெரியும்மா. உன் மேல கோபம் இல்லை. ஆனா அன்னையிலேர்ந்து எங்க போனாலும் முதுகுல ஒண்ணு ஒட்டியிருக்கற மாதிரியே இருக்கு."

தற்காப்புக்குச் சொல்லச் செக்கரம்மாவிடம் நிறைய இருந்தது. நல்லதுக்குத்தானே சொன்னேன், ஊரார் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னால் தேவலை என்றுதானே சொன்னேன். அதையெல்லாம் மகள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பாள் என்று தோன்றியது.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"சொன்னா நீ வந்து ரூமைப் பார்ப்பே. பார்த்தா ஒரு குறை கண்டுபிடிப்பே. குறை இருக்கறது எனக்கும் தெரியும். ஆனா நீ வாயால சொல்லிட்டா நான் போகமாட்டேன்மா."

மழை ஜன்னலில் அடித்தது. குழாய் ஒழுகுமா, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், ராத்திரி தெருவிளக்கு எரியுமா என்று வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். விழுங்குவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"ஜன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு. பெரிசு."

"வெயில் வருமா?"

"மழை விட்டாத்தான் தெரியும்."

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. செக்கரம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. இந்த நல்ல மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் போலிருந்தது.

"போ, நல்லா இரு" என்றாள் மகளிடம். "உங்கப்பாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. உள்வேலைன்னா மூச்சு முட்டும் அவருக்கு. உனக்காக இந்த வாரம் பூரா, கொட்டற மழையில குடையைத் தூக்கிட்டு காலைல போய் இருட்டினப்புறம் வந்திருக்காரு. நான் என்னடான்னா சந்தேகப்பட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்."

பாப்பா நெற்றியைச் சுருக்கினாள்.

"இந்த வாரமா?"

"ஆமா. திங்கக்கிழமையிலேர்ந்து."

"இல்லையேம்மா. அப்பா போன வாரமே எல்லாத்தையும் முடிச்சுட்டாரே. சாவியைக்கூட சனிக்கிழமையே என்கிட்ட குடுத்துட்டார். நேத்து சாயங்காலம் மிச்சம் இருந்த பெயிண்ட்ல ஜன்னல் கட்டைக்கு நான்தான் அடிச்சேன், அதான் முடியில." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "இந்த வாரம் நீங்க சைட்டுக்குப் போறேன்னுதானே சொன்னீங்க?"

"மழையில சைட் ஏது?" என்றாள் செக்கரம்மா.

மகளின் கையை அவள் விடவில்லை. மகளும் இழுத்துக்கொள்ளவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவர்கள் இருவரும், அந்தப் பக்கம் அவர் ஒருத்தரும். காலையிலிருந்து அவருக்குக் கூட்டாளியாக இருந்தவள், இப்போது அம்மாவின் அதே கண்ணோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயிண்டர் சட்டையை மெதுவாக மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். டீ கொடுத்தபோது இருந்த சிரிப்பு, ஆட்டத்தில் இருந்த அசடு எல்லாம் அந்த முகத்தைவிட்டுப் போயிருந்தன. இத்தனை வருஷத்தில் செக்கரம்மா பார்க்காத ஒரு முகம் அது.

"சொல்றேன்" என்றார். "முதல்ல ரெண்டு பேரும் உட்காருங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.